எடோகவா ரம்போ: ஜப்பானியத் துப்பறியும் கதையின் முன்னோடி

துப்பறியும் கதை என்றவுடன் முகஞ்சுளிப்போர் நம்மிடையே பலர். பொழுதுபோக்குக் கதைக்கு இலக்கிய வரலாற்றில் இடமில்லை என்பது அவர்கள் கொள்கை. அதனை ஏற்க எனக்கு மனமில்லை. காரணம் கேட்பின் ஜப்பானிய எழுத்தாளர் எடோகவா ரம்போவைச் சான்றாகக் காட்டுவேன். ஜப்பானிய மொழி அறியேன். ஆங்கிலத்தின் வழியே அவரைக் கற்றவன் நான்.

அவரது இயற்பெயர் ஹிராய் தாரோ. 1894ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் மியே மாநிலத்து நபாரியில் பிறந்து, நகோயாவில் வளர்ந்தார். வசேதா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் பயின்று 1916இல் பட்டம் பெற்றார். பட்டம் பெற்றும் ஒரு வேலையில் நிலைத்தாரில்லை. வணிக நிறுவனம், கப்பல் கட்டும் தளம், செய்தித்தாள் அலுவலகம் எனப் பல இடங்களில் பணியாற்றினார். தம்பியருடன் பழைய புத்தகக் கடை வைத்தார். இரவில் தள்ளுவண்டியில் நூடுல்ஸ் விற்றார். வாழ்நாளில் நாற்பது முறைக்கு மேல் வீடு மாறியவர் அவர்.

புனைபெயரின் கதை சுவையானது. எட்கர் ஆலன் போ என்னும் அமெரிக்க எழுத்தாளரின் பெயரைச் சற்று விரைந்து சொல்லிப் பாருங்கள். ஜப்பானியர் நாவில் அது எடோகவா ரம்போ ஆகிறது. அப்பெயரை எழுதும் எழுத்துகளுக்கோ எடோ ஆறு, தடுமாறும் நடை என்று பொருள். குருவின் பெயரையே தம் நாட்டு ஆற்றின் கரையில் தள்ளாடி நடக்கவிட்ட குறும்பு இது!

1923இல் 'புதிய இளைஞன்' என்னும் பொருள் தரும் 'ஷின் செய்னென்' இதழில் 'இரண்டு சென் செப்புக்காசு' என்ற முதற் சிறுகதை வெளிவந்தது. அதற்கு முன்பும் ஜப்பானில் துப்பறியும் கதைகள் உண்டு. பெரும்பாலானவை மேனாட்டுக் கதைகளின் பெயர்ப்போ தழுவலோ ஆகும். ரம்போ செய்தது வேறு. 'நமு அமிதா புத்சு' என்பது புத்தரைப் போற்றும் மந்திரம்; ஜப்பானிய எழுத்தில் ஆறு எழுத்து. பார்வையற்றோர் தடவிப் படிக்கும் பிரெயில் முறையிலோ ஆறு புள்ளி. இவ்வாறையும் அவ்வாறையும் பொருத்தி ஒரு மறைமொழியை அமைத்தார். ஏட்டைப் பார்த்து எழுதுபவருக்கு இது வாய்க்காது. தன் மண்ணின் வழிபாட்டு மொழியிலேயே புதிரைக் கண்டெடுத்தவருக்கே வாய்க்கும். இக்கதையை நான் மதிப்பதற்கு இதுவே முதற்காரணம்.

1925இல் அகெச்சி கொகோரோ என்னும் துப்பறிவாளரைப் படைத்தார். அவ்வாண்டே எழுதிய 'மனித நாற்காலி' இன்றும் பேசப்படுவது. தான் செய்த நாற்காலிக்குள்ளேயே ஒளிந்து வாழும் தச்சன் ஒருவன் எழுத்தாளப் பெண்மணிக்கு எழுதும் கடிதமே கதை. அதில் கொலையில்லை, களவும் பெரிதில்லை. ஆயினும் படித்து முடித்தபின் சாய்வு நாற்காலியில் அமரச் சற்றே தயக்கம் ஏற்படுகிறது.

1929இல் வெளிவந்த 'கம்பளிப்புழு' தான் அவருக்குத் தொல்லை தந்தது. போரில் கை கால்கள் அனைத்தும் இழந்து, கேட்கும் திறனும் பேசும் திறனும் அற்றுத் திரும்பிய படைவீரனும் அவன் மனைவியும் அதன் மாந்தர். இடதுசாரிகள் அதனைப் போர் எதிர்ப்புக் கதை எனப் பாராட்டினர். கொள்கைக்காக எழுதவில்லை என்றார் ரம்போ. தணிக்கையாளருக்கு அவ்விளக்கம் போதவில்லை. சீனத்துடன் போர் நடந்துகொண்டிருந்த 1939இல், மறுபதிப்பில் அக்கதையை நீக்குமாறு ஆணை பிறந்தது. கொடி பிடிக்காத கதையே அரசை அஞ்சவைத்தது என்பதை இங்கே கருத வேண்டும்.

இதற்கிடையே 1936இல் சிறுவர் இதழொன்றில் 'இருபது முகக் கள்வன்' தொடரைத் தொடங்கியிருந்தார். மாறுவேடத்தில் வல்ல அக்கள்வன் இரத்தம் சிந்துவதை வெறுப்பவன். அவனை எதிர்ப்போர் கோபாயாஷி என்னும் சிறுவனும் அவன் தோழர்களும். போர்க்காலத்தில் நின்ற இவ்வரிசை 1949இல் மீண்டும் தொடங்கிப் பல்லாண்டு நடந்தது. பெரியவர்களுக்கு எழுதியவற்றின் நுட்பம் இவற்றில் இல்லை என்பது என் கருத்து; ஆனால் ஜப்பானியச் சிறுவர் தலைமுறைகள் அவரை அறிந்தது இவற்றால்தான்.

அவரது கதைகள் ஆங்கிலத்துக்குச் சென்ற விதம் மொழிபெயர்ப்பு பயிலும் மாணவர் அறியத்தக்கது. மொழிபெயர்ப்பாளர் ஜேம்ஸ் ஹாரிஸ் ஜப்பானிய மொழியைச் சரளமாகப் பேசுவார், படிக்க அறியார். ரம்போ ஆங்கிலத்தைப் படிப்பார். பேசவோ எழுதவோ வராது. ஆகவே ரம்போ வரிவரியாக வாசித்து விளக்க, ஹாரிஸ் ஆங்கிலத்தில் எழுத, அதனை ரம்போ படித்துப் பார்த்துத் திருத்தம் கூறினார். வாரம் ஒருமுறை கூடி ஒன்பது கதைகளை முடிக்க ஐந்தாண்டு ஆயிற்று. 1956இல் நூல் வெளிவந்தது.

போருக்குப் பின் அவர் பெரியவர்களுக்கான கதைகளைக் குறைத்துக்கொண்டு பிறரை வளர்க்கலானார். 1947இல் துப்பறியும் எழுத்தாளர் சங்கம் தோன்றியது. அதன் முதல் தலைவர் அவரே. அறுபது வயது நிறைவையொட்டி 1954இல் அவர் அளித்த நன்கொடையால் அவர் பெயரில் பரிசு ஏற்பட்டது. 1957இல் அப்பரிசை நிக்கி எத்சுகோ என்ற பெண் பெற்றார். சிறுவயதிலேயே முதுகெலும்பு நோயால் படுக்கையில் வீழ்ந்து, பள்ளிக்கே செல்லாதவர் அவர். 'பூனைக்குத் தெரியும்' என்னும் அப்புதினம் ஜப்பானெங்கும் விற்றது. ரம்போ 1965 ஜூலை 28ஆம் நாள் டோக்கியோவில் காலமானார். பரிசு இன்றும் வழங்கப்படுகிறது.