விளையாட்டில் கல்வி எங்கே இருக்கிறது?

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கியதும் நம் வீடுகளில் முதலில் பறிபோவது பிள்ளையின் விளையாட்டு நேரந்தான். அதற்கு ஈடாகக் கடையில் "கல்வி விளையாட்டு" என்றொரு பெட்டியை வாங்கிக் கொடுப்போரும் உண்டு. தாயக்கட்டையை உருட்டி, அட்டையிலுள்ள கேள்விக்கு விடை சொன்னால் ஒரு கட்டம் முன்னேறலாம். இது பரீட்சைக்குச் சீனி தடவியதேயன்றி வேறல்ல. கேள்வியை நீக்கிவிட்டாலும் ஆட்டம் குறைவின்றி நடக்கும்; ஆகவே கல்வி அதற்குள் இல்லை.

கற்பிட்டி முதல் உடப்பு வரை நம் கரையோர மணலில் காசின்றி ஆடக்கூடிய பல்லாங்குழியை எண்ணிப் பாருங்கள். வரிசைக்கு ஏழாக 14 குழிகள். குழிக்கு 5 சிப்பியாக 70 சிப்பிகள். சித்திரைப் புத்தாண்டில் சிங்கள அயலவர் குன்றிமணி கொண்டு ஆடும் ஒலிந்த கெலியவும் இதன் உடன்பிறப்பே. ஹென்றி பார்க்கர் 1909இல் வெளியிட்ட பண்டைய இலங்கை பற்றிய நூலில் இவ்வகை ஆட்டங்களை விவரித்துள்ளார்.

ஒரு குழியை அள்ளினால் கடைசிச் சிப்பி எங்கே விழும்? அதை முன்கூட்டி அறிந்தவனே வெல்வான். அள்ளிய குழியையும் விடாமல் போட்டு வந்தால், 14 சிப்பி இருந்தபோது கடைசிச் சிப்பி புறப்பட்ட குழிக்கே திரும்பும். 18 இருந்தால் அதற்கு அப்பால் நாலாம் குழி. வகுத்தலும் மீதியும் இதுவன்றோ! கொப்பியில் மீதிக் கணக்குக்குப் பயப்படும் பிள்ளை இங்கே கண்ணாலேயே அதைப் போடப் பழகுகிறது. பிழைத்தால் ஏச்சு இல்லை, சிவப்புக் கோடு இல்லை. சிப்பி போகும், அவ்வளவே. அடுத்த முறை தானே திருத்திக்கொள்ளும்.

கிளித்தட்டில் வேறு பாடம். காவலாளியைத் தன் பக்கம் இழுத்து நின்று தோழனுக்கு வழிதிறப்பவன், தான் பிடிபட்டாலும் தன் அணிக்கு உதவியவனே. இதற்குப் பாடசாலையில் புள்ளி கிடையாது.

பெரியவர்கள் அருகிலிருந்து "எண்ணு, எண்ணு" என்று ஏவத் தொடங்கினால் மணலும் டியூஷன் வகுப்பாகிவிடும். எதிரே அமர்ந்து நீங்களும் ஆடுங்கள். வேண்டுமென்றே தோற்காதீர்கள், பிள்ளை அதை உடனே கண்டுகொள்ளும். மிகச் சிறியவராயின் தொடக்கத்தில் குழிக்கு 3 சிப்பி போதும்.