விண்மீனைத் தொடரும் மொழி

திருப்பத்தூர் மாவட்டத்தில், சவ்வாது மலைக் காட்டினிடையே காவலூர் என்னும் சிற்றூர் உள்ளது. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்திலுள்ள அவ்விடத்தை, நகரங்களின் ஒளி எட்டாத இருளையும் தெளிந்த வானையும் கருதித் தேர்ந்தெடுத்தவர் வேணு பாப்பு என்னும் வானியல் அறிஞர். 1968ஆம் ஆண்டில் 38 செ.மீ. விட்டமுள்ள சிறு தொலைநோக்கியொன்று அங்குப் பணி தொடங்கியது. அவ்வறிஞர் 1982இல் மறைந்தார். 1986இல் நாட்டுக்கு உரித்தாக்கப்பெற்ற 2.34 மீட்டர் தொலைநோக்கி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

தொலைநோக்கியை ஒரு விண்மீனை நோக்கித் திருப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுதல் தவறு. நிலவுலகம் ஓயாது சுழல்வதால், மீன் மணிக்கு ஏறத்தாழ 15 பாகை மேற்கு நோக்கி நகர்வதாகத் தோன்றும். கருவியும் உடன் திரும்பாவிடின் மீன் பார்வையினின்றும் நழுவிவிடும். பண்டு கடிகாரப் பொறிகள் செய்த இப்பணியைப் பின்னர்க் கணிப்பொறிகள் ஏற்றன. ஆயின், கணிப்பொறிக்கு ஆணையிட ஒரு மொழி வேண்டுமன்றோ?

அவ்வகையில் தொலைநோக்கியோடு வளர்ந்த நிரல்மொழி ஃபோர்த்து என்பது. சார்லசு மூர் என்னும் அமெரிக்கர் அதனை 1960களின் இறுதியில் தம் தேவைக்கென உருவாக்கினார். 1970களின் தொடக்கத்தில், அரிசோனாவின் கிட் சிகரத்திலிருந்த 11 மீட்டர் வானொலித் தொலைநோக்கியை இயக்க அது பயன்பட்டது. 'நான்காவது' என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லையே அதற்குப் பெயராக இட அவர் விரும்பினார். அவருடைய கணிப்பொறியோ ஐந்தெழுத்திற்கு மேற்பட்ட பெயரை ஏற்கவில்லை. ஆகவே பெயரில் ஓரெழுத்துக் குறைந்தது!

தமிழ் மாணாக்கர்க்கு இம்மொழியில் உவகை தருவது அதன் சொற்கிடக்கை முறையே. ஆங்கிலத்தில் வினை இடையில் வரும். தமிழில் இறுதியில் வரும். ஃபோர்த்தும் அவ்வாறே. 'இரண்டையும் மூன்றையும் கூட்டி எழுது' என்பதை அம்மொழியில் எழுதுமாறு காண்க:

2 3 + .

ஈற்றிலுள்ள புள்ளியே 'எழுது' என்னும் ஆணை. இங்கு முற்றுப்புள்ளியே வினைமுற்று! எண்கள் வீட்டிலுள்ள அடுக்குப்பானை போல ஒன்றன்மேல் ஒன்றாக அமரும். கூட்டற்குறி மேலிருந்து இரண்டை எடுத்துக் கூட்டி, விடையை மீண்டும் அடுக்கின்மேல் வைக்கும். புள்ளி அதனை எடுத்துத் திரையில் எழுதும்.

ஜிஃபோர்த்து என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைப்பது. லினக்சு இயங்கும் கணிப்பொறியில், இணைய வசதியிருப்பின், அதனை நிறுவுதல் எளிது. நிறுவித் திறந்தபின் முதல் நிரலை எழுதலாம். இம்மொழியில் பிறந்தவுடன் அமைந்த சொற்களுட் பல ஆங்கிலமே. ஆயினும் புதுச்சொல் படைக்கும் உரிமை எழுதுவோனுக்கு உண்டு. முக்காற்புள்ளி சொல்லைத் தொடங்கும், அரைப்புள்ளி முடிக்கும், உடுக்குறி பெருக்கலைக் குறிக்கும்.

: பெருக்கு * ;
: எழுது . ;
: பாகை 15 பெருக்கு ;
4 பாகை எழுது

நான்கு மணி நேரத்தில் விண்மீன் எத்தனை பாகை நகரும் என்பதற்கு 60 என்னும் விடை உடனே தோன்றும். நான்கு வரியிலும் ஆங்கில எழுத்து ஒன்றேனும் இல்லை. ஆங்கிலம் அறியாமையால் கணிப்பொறியை அணுக அஞ்சி ஒதுங்கும் மாணாக்கன், இவ்வரிகளைத் தானே தட்டிப் பார்த்தல் வேண்டும்.

ஒன்றில் மட்டும் விழிப்புத் தேவை. இம்மொழியில் புணர்ச்சிக்கு இடமில்லை. சொல்லுக்குச் சொல், குறிக்குக் குறி, இடைவெளி விட்டே எழுதுதல் வேண்டும். '4பாகை' என்று சேர்த்தெழுதினால், அறியாத சொல் என்று கணிப்பொறி மறுத்துவிடும். எண் எதனையும் தாராது 'பாகை' என்று மட்டும் தட்டினாலும் பிழையே. பெருக்க இரண்டு எண் வேண்டியிருக்க, அடுக்கில் 15 ஒன்றே இருக்கும்.

கணிப்பொறியை மூடியதும் படைத்த சொற்கள் மறைந்துவிடும். ஆதலின் முதல் மூன்று வரிகளையும் ஒரு கோப்பில் எழுதிச் சேமித்து, ஜிஃபோர்த்தைத் திறக்கும்போது அக்கோப்பின் பெயரையும் உடன் தருதல் நன்று. மறுநாள் மாலையில் '6 பாகை எழுது' என்று தட்டினால், 90 என்னும் விடை வரும்.