எந்தப் போதனையை நம்புவது?

கேள்வி: ஒரு சபையில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள், இன்னொன்றில் அது செல்லாது என்கிறார்கள். காணிக்கை விதைத்தால் நோய் தீரும் என்கிறார் வேறொரு போதகர். யாரை நம்புவது?

பதில்: எல்லா வேறுபாடும் ஒரே எடை உள்ளதல்ல, சகோதரி. ஞானஸ்நானத்தைப் பற்றிய வாதம் நூற்றாண்டுகளாக நடக்கிறது. இரு தரப்பாரும் இயேசுவைக் கர்த்தர் என்றே அறிக்கையிடுகிறார்கள். 325இல் நிசேயாவில் கூடிய சபைச் சங்கத்தில் எழுந்த கேள்வி அப்படிப்பட்டதல்ல. குமாரனாகிய இயேசு படைக்கப்பட்டவர் என்றார் ஏரியஸ் என்ற போதகர். அது விசுவாசத்தின் வேரையே தொட்டதால் சபை அதை மறுத்தது.

காணிக்கைக்குச் சுகம் என்ற போதனைதான் எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. வேதத்தைத் திறந்து பாருங்கள். பவுலுக்கு மாம்சத்தில் ஒரு முள் இருந்தது. மூன்று தரம் வேண்டியும் நீங்கவில்லை. தீமோத்தேயுவுக்கு அடிக்கடி உடல்நலக் குறைவு. துரோப்பீமுவை நோயாளியாகவே மிலேத்துவில் விட்டுவந்தார் பவுல். இவர்களுக்கெல்லாம் விசுவாசம் குறைவா? காணிக்கை போதவில்லையா? நோயாளியின் பயத்தைக் காசாக்கும் போதனை பொய்யானது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒரு போதனையை எப்படிச் சோதிப்பது? பெரோயா பட்டணத்தார் பவுல் பேசியதையே தினமும் வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அவர்களை நற்குணசாலிகள் என்கிறது அப்போஸ்தலர் 17ஆம் அதிகாரம். ஒரு வசனத்தை மட்டும் பிடுங்கிப் பேசுகிறவரிடம் அந்த வசனம் உள்ள அதிகாரம் முழுவதையும் வாசிக்கச் சொல்லுங்கள். சுகம் தருவதாக யார் சொன்னாலும், மருந்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.