தலைவரின் விமானத்துக்கும் அனுமதி வேண்டுமா?

கேள்வி: ஒரு நாட்டின் ஜனாதிபதியோ பிரதமரோ செல்லும் விமானத்தை இன்னொரு நாடு தன் வான்வழியில் விடமாட்டேன் என்று சொல்ல முடியுமா? சர்வதேசச் சட்டம் இதைக் கண்டிக்காதா? – ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: தாராளமாகச் சொல்லலாம், சட்டம் குறுக்கே நிற்காது. தன் மண்ணுக்கு மேலுள்ள வானத்தின் மீது ஒவ்வொரு நாட்டுக்கும் முழு இறையாண்மை உண்டு என்கிறது 1944-ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கை. அது தரும் பறக்கும் உரிமைகள், சிவில் விமானங்களுக்குத்தான். தலைவர்களின் விமானம் 'அரசு விமானம்' என்று கருதப்படுவதால், ஒவ்வொரு முறையும் தூதரகம் வழியாக அனுமதி பெற வேண்டும்.

2019 செப்டம்பரில் நம் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் ஐஸ்லாந்து செல்ல பாகிஸ்தான் வழிவிடவில்லை. அடுத்தடுத்துப் பிரதமர் மோடிக்கும் மறுத்தது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பிடம் இந்தியா முறையிட்டபோது, அரசு விமானங்கள் தன் வரம்பில் வராது என்று அது கைவிரித்துவிட்டது.

இதைவிட வேதனையானது 2013 ஜூலையில் நடந்தது. மாஸ்கோவிலிருந்து ஊர் திரும்பிய பொலிவியா ஜனாதிபதி ஈவோ மொராலெஸின் விமானத்தில் அமெரிக்கா தேடிய எட்வர்ட் ஸ்னோடன் இருப்பதாக வதந்தி. சில ஐரோப்பிய நாடுகளின் வான்வழி அடைபட, வியன்னாவில் இறங்கி இரவு முழுவதும் காத்திருந்தார் மொராலெஸ். ஸ்னோடன் அதில் இல்லவே இல்லை! ஒரு வதந்தியை நம்பி, மக்கள் தேர்ந்தெடுத்த தலைவரை நடுவழியில் நிறுத்தியது பெரும் அவமதிப்பு என்பதே என் கருத்து. தென் அமெரிக்க நாடுகள் கொதித்தெழுந்தன. வழி மறித்ததாகச் சொல்லப்பட்ட பிரான்ஸும் ஸ்பெயினும் பிறகு வருத்தம் தெரிவித்தன.