விளக்கு மங்கவில்லை

விடிகாலை 5 மணி. அம்மாவை முன் சீட்டில் உட்கார வைத்து, ஆஸ்பத்திரி ஃபைலை மடியில் கொடுத்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். டக டக டக டக என்று சத்தம் வந்ததே தவிர, என்ஜின் சுற்றவில்லை. 7 மணிக்குத் திருச்சியில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். துறையூரிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டும்.

"என்னடா ஆச்சு?"

"செல்ஃப் எடுக்கலம்மா."

எதிர்வீட்டு அண்ணன் தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தி ஜம்பர் கேபிள் கொடுத்தார். முதல் திருப்பிலேயே என்ஜின் பிடித்துக்கொண்டது. "பேட்டரி போச்சு தம்பி. திருச்சியிலயே மாத்திடுங்க" என்றார். எனக்கும் சந்தேகம் வரவில்லை. மூன்றரை வருடம் ஓடிய பேட்டரி. நம் ஊர் வெயிலில் அது முதுமைதான். அம்மா ஆபரேஷன் அறைக்குள் இருந்த நேரத்தில் ஆள் வரவழைத்து, பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துப் புதிது போட்டுக்கொண்டேன்.

மூன்றே வாரம். அம்மாவை மறு பரிசோதனைக்குக் கூட்டிப்போக வேண்டிய காலையில், புது பேட்டரியோடு, அதே டக டக டக.

அன்று தங்கை கால் டாக்ஸி பிடித்து அம்மாவோடு கிளம்பினாள். நானும் பாலிடெக்னிக் படிக்கும் தங்கை மகனும் காரோடு உட்கார்ந்துவிட்டோம். இந்த முறை காரணம் தெரியாமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. செல்ஃப் மோட்டாரின் முதுகில் சின்ன உருளையாக ஒட்டிக்கொண்டிருப்பது சோலனாய்டு. சாவியைத் திருப்பியதும் அது காந்தமாகி, உள்ளே இருக்கும் தண்டை இழுக்கிறது. தண்டின் ஒரு முனை பல்சக்கரத்தைத் தள்ளி என்ஜினின் ஃப்ளைவீலோடு கோர்க்கிறது. மறுமுனை இரண்டு செம்புக் காண்டாக்டுகளைச் சேர்த்து மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடுகிறது. தண்டு போய் முட்டுகிற ஓசைதான் 'டக்'. தண்டை இழுக்கக் கொஞ்சம் மின்சாரம் போதும். மோட்டாரைச் சுற்ற, சின்ன பெட்ரோல் காருக்கே நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும். அதைக் கொடுக்க முடியாமல் வோல்டேஜ் படுத்துவிட்டால் காந்தம் பிடியை விடுகிறது, தண்டு பின்னால் வருகிறது, சுமை விலகியதும் வோல்டேஜ் எழும்புகிறது, மறுபடி இழுக்கிறது. நொடிக்குப் பல முறை இது நடப்பதைத்தான் டக டக டக என்று கேட்கிறோம்.

இதனால்தான் எல்லோரும் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் பேட்டரி என்கிறார்கள். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் மின்சாரம் பேட்டரியில் இல்லாமல் போனாலும், இருந்தும் மோட்டாருக்குப் போய்ச் சேராமல் நின்றாலும், சத்தம் ஒன்றேதான்.

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னேன். பையன் திருப்பினான். "மாமா, லைட்டு மங்கவே இல்லையே" என்றான். ஆபரேஷன் அன்று இருட்டில் எதிர்ச்சுவரில் விழுந்த வெளிச்சமும் அப்படியே நின்றது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கண்ணால் பார்த்திருந்தும் பொருள் விளங்காமல் போய்விட்டது. பேட்டரி காலியாக இருந்தால் செல்ஃப் அடிக்கும்போது ஹெட்லைட் மங்கிச் சுருங்க வேண்டும். மங்காமல் நின்றால் பேட்டரியில் சக்தி இருக்கிறது, அதை மோட்டார் வாங்கவில்லை என்று அர்த்தம்.

மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து பேட்டரி முனைகளில் தொட்டேன்: 12.6. நிறைந்த பேட்டரி. இந்த எண்ணை மட்டும் நம்பிவிடக் கூடாது. சும்மா இருக்கையில் 12.4 காட்டும் பேட்டரி, சுமை விழுந்ததும் 7-க்குச் சரிவதுண்டு. சாவியைத் திருப்பும்போது அளப்பதுதான் சரியான அளவு, 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். எங்களுடையது 12-க்கு மேலேயே நின்றது.

அடுத்து, மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் சிவப்பு முனையை என்ஜினின் வெறும் இரும்பிலும் வைத்துச் சாவியைத் திருப்பச் சொன்னேன். இரண்டும் ஒரே எர்த்தில் இருப்பவை. எர்த் நன்றாக இருந்தால் இந்த இடைவெளியில் 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. மீட்டரில் எண் நிற்காமல் 5, 8, 6 என்று துள்ளியது. பேட்டரியின் நெகட்டிவிலிருந்து ஒரு குட்டை ஒயர் காரின் பாடிக்கும், ஒரு நீள ஒயர் கியர் பாக்ஸுக்கும் போகும். பாடி ஒயர் நன்றாக இருந்ததால் லைட் மங்கவில்லை. கியர் பாக்ஸ் ஒயர் செத்திருந்தது. மேலே பார்த்தால் நல்ல ஒயர். கழற்றி உறையைக் கீறியபோது உள்ளே செம்பு இழைகள் பச்சைப் பொடியாகப் பூத்திருந்தன.

ஜம்ப் கொடுத்தபோது மட்டும் எப்படி ஸ்டார்ட் ஆனது? அண்ணன் கேபிளை முறைப்படி மாட்டியிருந்தார். சிவப்பு, என் பேட்டரி பாசிட்டிவில். மறுமுனை அவர் பாசிட்டிவில். கறுப்பு, அவர் நெகட்டிவில். கடைசிக் கிளிப் என் என்ஜின் இரும்பில். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறலாம், கடைசியாக மாட்டும் இடத்தில்தான் பொறி தெறிக்கும், ஆகவே அந்த இடம் பேட்டரிக்குத் தள்ளி இருக்க வேண்டும் என்பதற்கான முறை அது. அந்தக் கடைசிக் கிளிப்தான் பழுதான ஒயரைச் சுற்றிக்கொண்டு என்ஜினுக்குப் புது எர்த் கொடுத்துவிட்டது. நாங்கள் பேட்டரியைக் குற்றவாளி ஆக்கிவிட்டோம். பேட்டரி மாற்றியபோது ஒயர் அசைந்ததில், அது மூன்று வாரம் தாக்குப்பிடித்திருக்கிறது. இன்னொரு முறை கறுப்புக் கிளிப்பை என் பேட்டரி நெகட்டிவிலேயே மாட்டிப் பார்த்திருந்தால், ஸ்டார்ட் ஆகாமல் உண்மையைச் சொல்லியிருக்கும்.

ஆக்ஸிலரேட்டர் கேபிள் உள்ள பழைய கார்களில் இன்னொன்றையும் கவனியுங்கள். என்ஜின் எர்த் போனால் மின்சாரம் அந்த மெல்லிய கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். செல்ஃப் அடித்த பிறகு அது சுட்டால், மேற்கொண்டு அடிக்காதீர்கள்.

ஒரே ஒரு கனத்த 'டக்' மட்டும் கேட்டு, பிறகு அமைதி என்றால் கதை வேறு. மச்சான் வேனில் அப்படித்தான் வந்தது. செல்ஃப் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்து போயிருந்தது. ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் வீல் ஸ்பேனரால் மோட்டார் உடம்பை லேசாகத் தட்டினால் சில நேரம் சுற்றும். கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக்கை இழுத்த பிறகே தட்ட வேண்டும். சுற்றினால் நேராக எலக்ட்ரீஷியன் கடைக்குப் போய்விடுங்கள். அடுத்த முறை சுற்றும் என்று உறுதியில்லை. சத்தமே வராவிட்டால் ஃப்யூஸ், ரிலே, சாவி சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச் என்று தேட வேண்டும்.

எதற்கும் முன்னால் பேட்டரி டெர்மினலைக் கையால் திருகிப் பாருங்கள். அசைந்தாலோ, வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தாலோ, 10 நம்பர் ஸ்பேனரால் கழற்றி, ஆப்ப சோடா கரைத்த வெந்நீரால் கழுவி, துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து இறுக்குங்கள். கழற்றும்போது முதலில் நெகட்டிவ். மாட்டும்போது அது கடைசி. இல்லையென்றால் பாசிட்டிவில் இருக்கும் ஸ்பேனர் பாடியில் பட்டால் போதும், தீப்பொறி பறக்கும்.

போன மாதம் எதிர்வீட்டு அண்ணன் கூப்பிட்டார். அவர் காரில் இப்போது டக டக டக. பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்திருந்தார். ஜம்பர் கேபிளை எடுப்பதற்கு முன் ஹெட்லைட்டைப் போட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னேன். கேட்டில் விழுந்திருந்த வெளிச்சம் சிவந்து, சுருங்கி, அணைந்தேவிட்டது.

"அண்ணே, இது பேட்டரிதான்."