விற்பது எது? முடைவது எது?

பெங்களூர் சிவாஜிநகரில் ரஸ்ஸல் மார்க்கெட் இருக்கிறது. இது 1927-ஆம் ஆண்டு கட்டப்பட்டது. காய், பழம், பூ, மீன், இறைச்சி எல்லாம் இங்கே கிடைக்கும். சுற்றிலும் பல கடைகள் உண்டு. நாம் வாங்கும் பொருளோடு உறையும் வீட்டுக்கு வருகிறது. பொருள் தீர்ந்துவிடும். உறை மட்டும் மிஞ்சும்.

அதை என்ன செய்வது?

எல்லா உறையும் ஒன்றல்ல

ஓர் அம்மா பழைய பொருள் கடைக்குப் பை நிறைய உறைகள் கொண்டு போகிறார். கடைக்காரர் பிரித்துப் பார்க்கிறார்.

"பால் பாக்கெட், அட்டைப் பெட்டி, பாட்டில் எல்லாம் எடுத்துக்கிறேன் அக்கா. சிப்ஸ் பாக்கெட் வேண்டாம்."

"ஏன் தம்பி, அதுவும் பிளாஸ்டிக்தானே?"

"அதை யாரும் வாங்க மாட்டாங்க அக்கா."

காரணம் என்ன? சிப்ஸ் பாக்கெட்டின் உள்பக்கம் வெள்ளி போல மின்னுகிறது அல்லவா? அது அலுமினியப் பூச்சு. பல அடுக்குகள் ஒன்றோடு ஒன்று ஒட்டியிருக்கும். அவற்றைப் பிரிப்பது கடினம். உருக்கி வேறு பொருள் செய்வதும் கடினம். எடையும் மிகக் குறைவு. அதனால் குப்பை பொறுக்குபவரும் அதை விட்டுவிடுகிறார். அது சாக்கடையை அடைக்கிறது.

ஆகவே ஒரு வழி வைத்துக்கொள்வோம். விலை போவதை விற்போம். விலை போகாததை முடைவோம்.

தடுக்கு முடையும் முறை

தேவையானவை: பெரிய சிப்ஸ் பாக்கெட் 10, கத்தரிக்கோல், ஊசி, நூல், பழைய புடவைக் கரை.

1. பாக்கெட்டின் ஒட்டுப் பகுதிகளை வெட்டி விரியுங்கள். சோப்பு நீரில் கழுவுங்கள். துடைத்து நிழலில் உலர்த்துங்கள். எண்ணெய் இருந்தால் எறும்பு வரும்.

2. 24 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலத்தில் 20 துண்டுகள் வெட்டுங்கள்.

3. இரண்டு நீள ஓரங்களையும் நடுக்கோடு வரை மடியுங்கள். மறுபடியும் இரண்டாக மடியுங்கள். 2 செ.மீ. அகலப் பட்டை கிடைக்கும்.

4. பத்துப் பட்டைகளை நெருக்கமாக வரிசையாக வையுங்கள். மற்ற பத்தைக் குறுக்கே ஒன்று மேல், ஒன்று கீழ் என்று நுழையுங்கள். அடுத்த வரிசையில் மாற்றி நுழையுங்கள். பாய் முடைவது போலத்தான்.

5. நான்கு ஓரங்களையும் பின்புறம் மடித்துத் தையுங்கள். புடவைக் கரையைச் சுற்றி வைத்துத் தைத்தால் பிரியாது.

தண்ணீர்ச் சொம்பு, பூந்தொட்டி வைக்க இது உதவும்.

கவனம்

சூடான பாத்திரத்தை இதன்மேல் வைக்காதீர்கள். அடுப்பருகே வைக்காதீர்கள். பூச்சி மருந்து வந்த உறையைத் தொடாதீர்கள். எந்த பிளாஸ்டிக்கையும் எரிக்காதீர்கள். அந்தப் புகை உடலுக்குக் கேடு.

அலங்காரத்துக்கென்று பசையும் மினுமினுப்புத் தாளும் காசு கொடுத்து வாங்காதீர்கள். வீட்டில் தேவையில்லாத பொருளைச் செய்தால் அதுவும் நாளைக்குக் குப்பைதான்.

பால் பாக்கெட்டின் மூலையைத் தனியாக வெட்டி எறியாதீர்கள். சின்னத் துண்டு யார் கைக்கும் வராது. பாக்கெட்டோடு ஒட்டியே இருக்கட்டும்.

கழுவித் தருவது ஏன்?

2012-இல் மாவள்ளிபுரா ஊர் மக்கள் தங்கள் ஊரில் பெங்களூர்க் குப்பையைக் கொட்டக் கூடாது என்று போராடினார்கள். கிடங்கு மூடப்பட்டது. நகரத் தெருக்களில் குப்பை குவிந்தது. 2015-இல் உயர் நீதிமன்றம் ஒவ்வொரு வீடும் குப்பையை மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்றது. ஈரக் குப்பை ஒன்று. உலர் குப்பை ஒன்று. சானிட்டரி கழிவு ஒன்று.

உலர் குப்பையை ஒரு மனிதர் கையால்தான் தரம் பிரிக்கிறார். 2011-இல் பெங்களூர் மாநகராட்சி குப்பை பொறுக்கும் தொழிலாளர்களுக்கு அடையாள அட்டை கொடுத்தது. அவர்கள் செய்வதும் தொழில்தான். சோறும் குழம்பும் ஒட்டிய உறைக்கு விலை குறையும். கழுவிய உறை அவருக்குக் கூலி தரும். அவர் கையையும் காக்கும்.

பயிற்சி

1. சிப்ஸ் பாக்கெட்டைக் கடைக்காரர் ஏன் வாங்கவில்லை?
2. இந்த வாரம் உங்கள் வீட்டுக்கு வந்த உறைகளை எழுதுங்கள். விற்பவை, முடைபவை எனப் பிரியுங்கள்.
3. எந்த உறையை வீட்டுக்கு வராமலே தடுக்கலாம்? குழுவில் பேசுங்கள்.