மேல் ஏரியும் கீழ் ஏரியும்: பேரிடர் முன்னேற்பாடு பற்றிய ஒரு பாடம்

பெருமழை இயற்கையின் செயல். அது பேரிடராக மாறுவதற்குரிய காரணங்களோ பெரும்பாலும் மனிதரிடமே உள்ளன. அவை மூன்று: பழுதுற்ற கரை, நீர்வழியில் அமைந்த குடியிருப்பு, காலத்தில் சென்று சேராத செய்தி.

1975ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சீனாவின் ஹெனான் மாகாணத்தில் பெய்த புயல் மழையால் பான்சியாவோ அணை உடைந்தது. அவ்வெள்ளத்தில் அறுபதுக்கு மேற்பட்ட அணைகள் அழிந்தன. செய்தித் தொடர்பு அறுபட்டிருந்தமையால் கீழ்ப்புறத்தார் ஆபத்தை உரிய காலத்தில் அறியவில்லை, பல்லாயிரவர் மாண்டனர்.

இத்தகைய நிகழ்ச்சி நம் அருகிலும் நேர்ந்துள்ளது. 2021 நவம்பர் 19ஆம் நாள் ஆந்திரத்தின் கடப்பை மாவட்டத்தில், மேலேயிருந்த பிஞ்சா நீர்த்தேக்கத்தின் கரை உடைந்து வந்த வெள்ளமும் சேர, செய்யேற்றின் அன்னமய்யா அணையின் மண்கரை அடித்துச் செல்லப்பட்டது. அணையின் ஐந்து கதவுகளுள் ஒன்று அப்போது இயங்கவில்லை. கீழிருந்த கிராமங்களில் பலர் உயிரிழந்தனர். அதே வாரத்தில் திருப்பதிக்கு அருகே ராயலசெருவு ஏரியின் கரையில் நீர்க்கசிவு காணப்பட்டது. உடனே கிராம மக்கள் வெளியேற்றப்பட்டனர், கரையும் பலப்படுத்தப்பட்டது. ஏரி உடையவில்லை.

பலமனேர் வட்டாரத்துக்கு இப்பாடம் மிகவும் பொருந்தும். இங்கு ஒரு ஏரியின் கலங்கல் நீர் அடுத்த ஏரியை நிரப்புகிறது. மேல் ஏரி உடையின் கீழ் ஏரியும் தாங்காது. இவ்வட்டாரத்துக் கவுண்டன்ய ஆறு தமிழ்நாட்டில் மோர்தானா அணையை அடைந்து, குடியாத்தம் வழியே பாலாற்றிற் கலக்கிறது. ஆகவே இங்குப் பெய்யும் மழை அங்குள்ளோர்க்கும் உரிய செய்தியாகும். நீருக்கு மாநில எல்லை இல்லை, எச்சரிக்கைக்கும் இருத்தலாகாது.

களப்பணியாளர் செய்யத்தக்கவை:

1. வடகிழக்குப் பருவமழைக்கு முன் மதகு, கலங்கல், கரை ஆகியவற்றைச் சோதித்தல். எலி வளைகளையும் கரையில் வேரூன்றிய மரங்களையும் குறித்துக்கொள்ளுதல்.

2. நீரைக் கூடுதலாகத் தேக்கும் பொருட்டுக் கலங்கலின் மீது மணல் மூட்டை அடுக்குவதைத் தடுத்தல்.

3. கசிவு நீரைக் கவனித்தல். அது தெளிவாயிருப்பின் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். கலங்கி மண்ணோடு வருமாயின் கரை உள்ளே அரிக்கப்படுகிறதென்று அறிந்து, மேலதிகாரிக்கும் கீழூர்களுக்கும் அக்கணமே அறிவித்தல் வேண்டும்.

4. தொலைபேசி இயங்காவிடில் செய்தி கொண்டுசெல்பவர் யார், எவ்வழியே செல்வார் என்பதை முன்னரே தீர்மானித்தல்.

5. முதியோர், நோயாளிகள், கைக்குழந்தையுடைய தாய்மார் ஆகியோரின் பட்டியலையும் மேட்டிடத்தையும் ஆயத்தமாக வைத்தல்.

ஆசிரியர்கள், தம் ஊர் ஏரிக்கு நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே செல்கிறது என்பதை மாணவர்கள் நேரிற் கண்டு படம் வரையச் செய்யலாம். அப்படத்தில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மேட்டிடத்திற்குச் செல்லும் வழியையும் குறிக்கச் செய்க. மழை நாளில் அவ்வழி நீரில் மூழ்குமாயின் வேறு வழி தேடுதலே அடுத்த பயிற்சியாகும்.

வெள்ளம் வரும் வேகத்தை நாம் குறைத்தல் அரிது. செய்தி அதனை முந்திச் செல்லுமாறு செய்தல் நம்மால் இயலும்.